கோமதி மதினியின் மேல் சட்ஜம்

பாவூர்சத்திரம் சந்தையில் சின்ன வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். அண்ணன் தவில்காரர். அவர் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குப் போனைக் காதில் அழுத்தினால்தான் கேட்டது. "பேச்சி, வீட்டுக்கு வா" என்றார். காலையில் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்று ஓமம் மென்றுகொண்டிருந்த மதினியை விட்டுவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். "மதினிக்கு என்னண்ணே?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு விளங்கிவிட்டது. வெங்காயத்தை அந்தக் கடையிலேயே போட்டுவிட்டுத் தென்காசி பஸ்ஸில் ஏறினேன்.

கோமதியம்மாள் என்றால் உங்களுக்குத் தெரியும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் கோயில் விசேஷங்களில் அவள் நாகஸ்வரத்தைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் தவிலோடு அண்ணன், பின்னால் கைத்தாளத்தோடு நான். மதினி என்னைவிட நாலு வயசுதான் மூத்தவள். அதனால் அவள் என்றுதான் எழுத வருகிறது. என் கல்யாணம் நிலைக்காமல் நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்த வாரம், "சும்மா இருந்தா நெனப்பு எங்கெங்கயோ ஓடும். இதப் பிடி" என்று தாளத்தைக் கையில் கொடுத்தவள் அவள்தான். அவளுடைய பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் யாராவது பெரியவரை எழுதச் சொல்லுங்கள் என்றேன். "மேடையில பாத்தவங்க ஆயிரம் பேரு. வீட்டுல பாத்தது நாம ரெண்டு பேருதான். நீயே எழுது" என்றார் அண்ணன்.

வீட்டில் அவள் நாள் பாலோடு தொடங்கும். காலை ஐந்து மணிக்கு அடுப்பில் பாலை வைப்பாள். வைத்த கையோடு நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரே சுரத்தைப் பிடிப்பாள். பால் பொங்குகிற வரைக்கும் அந்த ஒரு சுரம்தான். மூச்சு எடுக்கிற இடம் யாருக்கும் தெரியக் கூடாது. பால் பொங்கி வழிந்தால் அது என் குற்றம், சுரம் அறுந்தால் அவள் குற்றம். பாலை எத்தனையோ நாள் நான் வழிய விட்டிருக்கிறேன். அவள் சுரம் அறுந்து நான் கேட்டது குறைவு. அப்புறம் இட்லிப் பானை, அப்புறம் சரளி வரிசைகள், நடுவில் தண்ணீர் வந்துவிட்டால் குடம். கைவிரல் ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலேயே பிடிப்பாள். வீட்டு வேலை குறுக்கே வருகிறது என்று ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

முன்னறையில் ஒரு பழைய டி.வி. உண்டு. மதினி வீட்டுச் சீராக வந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக் கதவு அதற்கு இருந்தது. அது ஓடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே எங்கள் வீட்டில்தான். அண்ணன் மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டு "வருதா?" என்று கேட்பார். "இப்பதான் போச்சு, அங்கனயே நில்லுங்க" என்று கீழேயிருந்து பத்துக் குரல் வரும். எப்போதாவது அதில் நாகஸ்வரக் கச்சேரி காட்டினால், மதினி எழுந்து போய்ச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவாள்.

"ஏளா கோமதி, படம் மட்டும் பாத்து என்ன செய்ய? சத்தத்த வையி" என்று அடுத்த வீட்டு ஆச்சி கத்துவாள்.

"சத்தத்தக் கேட்டா அப்படியே ஊதத் தோணும் ஆச்சி. கையப் பாத்தாத்தான் நமக்குன்னு ஒண்ணு தோணும்" என்பாள்.

பிறகு அந்தப் பெட்டியில் படம் நின்றது. கலர் டி.வி. வந்து அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. பழைய இரும்புக்காரர் கேட்டும் மதினி அதைக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, அந்த இருட்டுக் கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்துதான் சாதகம் செய்வாள். அதில் கன்னமும் உதடும் புடைத்துத் தெரியும். நிலைக்கண்ணாடி ஆகாது என்பாள். "அதுல பாத்தா பொட்டு சரியா இருக்கான்னு கண்ணு போவுது." அண்ணன் காலையில் எழுந்து வந்து, "இன்னைக்கும் இதே நிகழ்ச்சிதானா?" என்று கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போவார்.

எட்டு வருஷத்துக்கு முந்தி, சாரல் காலத்தில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் நடந்து நடந்து பாறையெல்லாம் வழுக்கிக் கிடந்தது. மதினி முகம் குப்புற விழுந்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டது. உங்களுக்கோ எனக்கோ என்றால் அது வெறும் பல். நாகஸ்வரக்காரிக்கு அப்படியில்லை. சீவாளியை, அதாவது ஊதுகிற அந்த நாணல் துண்டை, உதடு கவ்வ வேண்டும். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுக்க வேண்டும். டாக்டர் கட்டிக் கொடுத்த பொய்ப்பல் ஊதினால் நழுவி நாக்குக்கு வந்தது. "இது சோறு திங்கத்தான்" என்று கழற்றி வைத்துவிட்டாள்.

நாற்பது நாளில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகக் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தோம். கமிட்டி அண்ணாச்சி பழப் பையோடு பார்க்க வந்தார்.

"ஒடம்பப் பாத்துக்கம்மா. இந்த ஒரு தடவ வேற ஆளு வச்சிக்கிடுதோம்."

"யாரு அண்ணாச்சி?"

"திருநெல்வேலியில ஒருத்தரு இருக்காரு."

"அவருக்குப் பல்லு பூரா இருக்கான்னு பாத்துக்கிட்டியளா?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து நாளு பொறுங்க. எனக்கு வரலன்னா நானே ஒங்களுக்கு ஆளு சொல்லுதேன்" என்றாள். அவர் போனதும் என்னிடம், "இத விட்டம்னா இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ பேச்சி. பாவம், பாவம்னு சொல்லியே உக்கார வச்சிருவாவ" என்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் நாள் காற்று பல் சந்தில் புஸ்ஸென்று போனது. "குக்கர் வச்சிருக்கியா?" என்று அண்ணன் கேட்டார். அவளும் சிரித்தாள். மூன்றாம் நாள் அண்ணன் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். டி.வி. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மேலுதட்டை உள்ளே இழுத்து, ஈறில் மடக்கி, சீவாளியை ஒரு நெல் அளவு ஓரமாகத் தள்ளி வைத்துப் பார்த்தாள். உதட்டில் ரத்தம் கட்டியது. ஒன்பதாம் நாள் பால் பொங்கியது, சுரம் அறுபடவில்லை. கீழ் ஸ்தாயி திரும்பி வந்துவிட்டது. உச்சியில் இருக்கிற மேல் சட்ஜம்தான் வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது.

"மேல போகாத பாட்டா எடுத்துக்க கோமதி. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியும்லா" என்றாள். அண்ணாச்சிக்குப் போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

கச்சேரியன்று நல்ல கூட்டம். பெரிய கீர்த்தனையில் மேல் சட்ஜம் தொடுகிற இடம் வந்தது. சுரம் உடைந்து வெறும் காற்று வந்தது. இந்த மாதிரி நேரத்தில் தவில் புகுந்து மூடிவிடும். எங்கள் தொழிலில் அது வழக்கம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. அண்ணன் குச்சியை ஓங்கினார். மதினி அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அண்ணன் கை அப்படியே நின்றது. மதினி சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து நனைத்தாள். மேடையில் என் தாளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "என்ன, நிப்பாட்டிட்டா?" என்று முன்வரிசையில் ஒருத்தர் கேட்டார். "பல்லு இல்லல்லா" என்றார் பக்கத்தில் இருந்தவர். நான் தாளத்தை நிறுத்தாமல் போட்டேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று, நாலு. சீவாளியைச் செருகி அந்த வரியை முதலிலிருந்து எடுத்தாள். ஏறினாள். அதே இடத்தில் மேல் சட்ஜம் முழுசாக வந்து நின்றது. அதற்கப்புறம் அண்ணன் வாசித்த மாதிரி அவர் முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை.

அண்ணாச்சி பொன்னாடை போர்த்தும்போது, "தவில வச்சு மறைச்சிருக்கலாமேம்மா" என்றார்.

"மறைச்சா அது அங்கனயேதான் கெடக்கும் அண்ணாச்சி. அடுத்த தடவையும் அந்த வழியாத்தான போகணும்?"

அதே கோயிலில் அப்புறம் ஒவ்வொரு வருஷாபிஷேகத்துக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பாவம் என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்த அன்று காலையிலும் பால் பொங்குகிற வரை ஊதிவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தக் கும்பாபிஷேகக் கச்சேரி முடிந்து திரும்பிய பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"கை வலிக்குதாட்டி?"

"இல்ல மதினி."

"பொய் சொல்லாத. உடைஞ்சது எனக்குப் பயமில்ல. நீ நிப்பாட்டிருவியோன்னுதான் பயந்தேன். நீ போட்டுக்கிட்டே இருந்தியா, சரி, திரும்பி வர எடம் இருக்குன்னு நெனச்சேன்."

அவள் நாகஸ்வரம் அண்ணனிடம் இருக்கிறது. சேலைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கென்று இருப்பது அந்த நாலு சுற்றுதான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தவிலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் ஊதாமல் நின்ற நேரம் முழுக்க என் கையை நம்பி நின்றாள்.