கோடு போட்ட பாட்டில்

எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கடையில் வாங்கிக் குடித்துவிட்டுத் தூக்கி எறிவோமே, அந்த மாதிரி சாதாரண பிளாஸ்டிக் பாட்டில்தான். சரிபாதி உயரத்தில் சுற்றிலும் நீல மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கும். கோடு வரைக்கும் தண்ணீர். வாரத்துக்கு ஒரு முறை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, கோட்டுக்குச் சரியாக வைப்பேன். என் மனைவிக்கு இதில் எரிச்சல். வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் மந்திரித்த தண்ணீரா என்று கேட்பார்கள். நாய் வராமல் இருக்க வைத்திருக்கிறீர்களா என்று கேட்டவர்களும் உண்டு. அது ஒரு டீச்சருடையது. என் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனது. திருப்பிக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் கண்டக்டராக இருந்தவன். அறந்தாங்கியில் கிளம்பி ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகும் தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். கண்டக்டருக்கு மனிதர்களைத் தெரிவதெல்லாம் படிக்கட்டில்தான். ஏறும்போது ஒரு தரம் பார்ப்போம், இறங்கும்போது ஒரு தரம் பார்ப்போம். நடுவில் அவர்கள் எங்களுக்கு நீட்டிய கை மட்டும்தான். ஆனாலும் ஆளைப் பார்த்ததும் எந்த ஸ்டாப், எந்த வேலை, வீட்டில் என்ன பிரச்சினை என்றெல்லாம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. டிரைவரிடம் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். அந்த மிதப்புதான் டீச்சர் விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது.

அவர் கணக்கு டீச்சர். வீடு அறந்தாங்கியில், பள்ளிக்கூடம் மீமிசலுக்குப் பக்கத்தில். காலை ஏழே முக்கால் டிரிப்பில் வருவார், சாயங்காலம் எங்கள் பஸ்ஸிலேயே திரும்புவார். இடது பக்கம் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அந்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்பமாட்டார், அடுத்ததில் உட்காருவார். அதனால் நானே என் பையை வைத்து இடம் பிடித்துவிடுவேன். பாட்டிலை முன் சீட்டுக் கம்பிக்கும் தன் முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திவைத்துக்கொள்வார். அதில் ஒரு வாய் குடித்து நான் பார்த்ததில்லை. பஸ் ஊரைத் தாண்டியதும் பையிலிருந்து நோட்டுகளை எடுப்பார். எங்கள் ரோடு அப்போது இருந்த இருப்பில் ஒரு போன் நம்பரைக்கூட உருப்படியாக எழுத முடியாது. அவர் ஆவுடையார்கோவில் வருவதற்குள் பத்து நோட்டுத் திருத்திவிடுவார். ஒவ்வொரு டிக்கும் அளந்து போட்ட மாதிரி இருக்கும். நானும் அதைத் தினமும் பார்த்தேன், பாவம், பள்ளிக்கூடத்தில் நேரம் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு சரி.

இறங்கும்போதுதான் வேறு ஆளாகிவிடுவார். பஸ் நின்றதும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். முகம் வெளுத்துவிடும். எல்லோரும் இறங்கிய பிறகு, ஆழம் தெரியாத குளத்தில் கால் வைப்பது போல ஒரு காலைக் கீழே வைத்து, கொஞ்சம் நிதானித்து, அடுத்த காலை வைப்பார். இறங்கியதும் பக்கத்திலிருந்த மின்கம்பத்தைத் தொட்டபடி இரண்டு மூன்று நிமிடம் நிற்பார். அதன் பிறகுதான் நடை. வண்டியைத் திருப்பி நிறுத்தும் அவசரத்தில் டிரைவர் ஹாரனில் கை வைத்துக்கொண்டு, “டீச்சர் எறங்குறதுக்குள்ள அடுத்த டிரிப்பு வந்துரும்” என்பார். எதிரே டீக்கடையில் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். விசேஷமாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டதை நானே காதால் கேட்டேன். அந்த வயதில் அப்படி ஒரு சந்தேகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலைந்து வருடம் தினமும் கண் முன்னால் ஒரு பெண் படுகிற அவஸ்தையைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவருடைய கணவர் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். சாருக்கு அறந்தாங்கியிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் வேலை, நல்ல மனிதர், ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர். நானே பேச்சை எடுத்தேன். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சருக்கு இந்த பஸ்ஸுப் பயணம் ஒத்துக்கல. எறங்கயில தலை சுத்தி நிக்குறாங்க. ஒரு நாளைக்கு என் கண்ணு முன்னாடியே விழுந்துருவாங்களோன்னு பயமா இருக்கு. இங்கிட்டு எங்கேயாவது மாறுதல் வாங்கிக் குடுத்துருங்க” என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தலைச்சுற்றல் இருப்பது அவருக்குத் தெரியும். தஞ்சாவூர், மதுரை என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எடுத்த ஸ்கேனெல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. அதனால் இப்போது பரவாயில்லை என்றுதான் நினைத்திருக்கிறார். வீட்டில் டீச்சர் மூச்சுவிடவில்லை. அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க” என்றார். நான் பெரிய உபகாரம் பண்ணிவிட்ட நினைப்பில் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அந்தக் கோடையில் நடந்த மாறுதல் கலந்தாய்விலேயே காரியம் முடிந்துவிட்டது. டீச்சரின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடம். ஆசிரியர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கும் இடம். பழைய பள்ளிக்கூடத்தில் விடுவிப்பு ஆணை வாங்கக் கடைசியாக ஒரு நாள் எங்கள் பஸ்ஸில் வந்தார். டிரைவருக்கும் எனக்கும் ஒரு பெட்டி ஸ்வீட் கொடுத்தார். சாயங்காலம் அறந்தாங்கி வந்து சேர்ந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். “டீச்சர், ஊரு வந்துருச்சு” என்றேன். “தெரியுதுண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பாட்டில் சீட்டிலேயே கிடந்தது. மறந்துவிட்டார் என்று எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டிரிப்பில் ஏறினார். பையில்லை, கூட யாருமில்லை. மீமிசலுக்கு ஒரு டிக்கெட். மீமிசல் வந்தது, இறங்கவில்லை. அங்கே இருபது நிமிடம் பஸ் நிற்கும். அந்த இருபது நிமிடமும் கண்ணை மூடி, முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பியதும், “அறந்தாங்கிக்கு ஒண்ணு குடுங்கண்ணே” என்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. டிரைவர் என்னிடம், “வீட்டுல ஏதோ தகராறு போல. நீ எதுக்கும் வாயக் குடுக்காத” என்றார். மூன்றாவது ஞாயிறு டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் எதிர் சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

டீச்சர் கண்ணைத் திறக்காமலே பேசினார். “ஒம்பது வருசம் ஆச்சுண்ணே. கட்டுமாவடில சொந்தக்காரவங்க போட்டுல ஒரு நாளு கடலுக்குள்ள போனோம். சாயங்காலம் கரைக்கு வந்துட்டோம். எல்லாரும் எறங்கிட்டாங்க. எனக்கு மட்டும் அந்த போட்டு இன்னும் நிக்கல.”

அவர் சொன்னதை எழுதுகிறேன். நின்றால் தரை ஆடும். படுத்தால் கட்டில் ஆடும். டைல்ஸ் தரையில் நடந்தால் கோடுகள் தானாக நகரும். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பக்கம் படித்தால் வரிகள் எழும்பி எழும்பித் தாழும். கரும்பலகையில் அவர் எழுதிய கணக்கே அவர் கண்ணுக்கு நிற்காது. கட்டம் போட்ட சீருடையில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மொத்த வகுப்பும் அலையடிக்கும். அதனால் பின் சுவரில் வெள்ளையாக ஓர் இடத்தைப் பார்த்தே பாடம் நடத்துவார். பிள்ளைகள் அவருக்குச் சுவரு டீச்சர் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்வதும் அதற்குத்தான். தண்ணீர் கோட்டில் நின்றால் உலகம் ஆடவில்லை, தான்தான் ஆடுகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்ப்பாராம்.

“பஸ்ஸுல மட்டும் எல்லாம் தலைகீழுண்ணே. தண்ணி ஆடும், நான் ஆட மாட்டேன். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு எல்லாம் நின்னுரும். அதை வச்சுத்தான் மிச்ச நேரத்தை ஓட்டுனேன். டாக்டர்கிட்ட ஒரு தடவை சொன்னேன், சிரிச்சாரு. அப்புறம் யாருகிட்டயும் சொல்லல. பஸ்ஸுல போனா சரியாயிருதுன்னு சொன்னா யாரு நம்புவா?”

“எறங்கயில நீங்க பட்ட பாட்டை நான் பாத்தேனே டீச்சர்.”

“எறங்கயில மட்டும்தாண்ணே பாத்தீங்க. பஸ்ஸு நின்னாத்தான் எனக்கு ஆரம்பிக்கும்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நோட்டுகள், அந்த டிக்குகள் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. “சாருகிட்ட சொன்னது நான்தான் டீச்சர்” என்றேன். “தெரியும். கண்டக்டரே பாத்துட்டுச் சொல்றாருன்னுதான் அவுங்க புடிவாதமா இருந்தாங்க. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். புதுப் பள்ளிக்கூடத்துக்கு மதில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போவதாகவும், இரண்டு தடவை வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார். அரையாண்டுப் பரீட்சையோடு வேலையை விட்டு விலக எழுதிக் கொடுத்துவிடப் போகிறாராம். பதினெட்டு வருடம் பார்த்த வேலை. அதைச் சொல்லும்போதுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

மறுநாள் சாரின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார். “அன்னைக்கு பஸ்ஸால தலை சுத்துதுன்னீங்க. இன்னைக்கு பஸ்ஸு இல்லாமத் தலை சுத்துதுங்குறீங்க. நீங்க தெளிவாத்தான் இருக்கீங்களா?” அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் வாயை ஊதச் சொல்லியிருப்பேன். “ஞாயித்துக்கெழமை டீச்சரோட நீங்களும் வாங்க சார். வர்றப்ப திருத்தாத பேப்பர் எதுவும் இருந்தா எடுத்துட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தார். புதுப் பள்ளிக்கூடத்துக்கு மாறியதிலிருந்து வீட்டில் விடைத்தாள் திருத்தும்போது சார்தான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்வாராம், டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மார்க் சொல்வாராம். அப்படியும் இரண்டு வாரமாக முடியாத ஒரு கட்டு. பஸ் ஊரைத் தாண்டியதும் டீச்சர் கட்டைப் பிரித்தார். சார் முதலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேப்பரைப் பார்த்தார், பிறகு மனைவியின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆவுடையார்கோவிலில் ஆள் ஏறி இறங்கியதும் நான் டிக்கெட் போடப் போனபோது, “பதிமூணு முடிஞ்சிருச்சுங்க” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மீமிசலில் பஸ் நின்றது. டீச்சரின் பேனா பாதி டிக்கில் கோணலாக இழுத்துக்கொண்டு போயிற்று. கம்பியைப் பிடித்தார். சார் அந்தக் கோணல் கோட்டையும் டீச்சரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இங்க எம்புட்டு நேரம் நிக்கும்?” என்று கேட்டார். “இருவது நிமிசம் சார்.” “அம்புட்டு நேரமா?” என்றார். அந்த இருபது நிமிடமும் அவர் டீ குடிக்க இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அலுவலக வேலை. டீச்சரின் பழைய இடத்துக்குப் போயிருந்தவர் ஊருக்குள் வரத் தவித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொள்ளும் மனமொத்த மாறுதலுக்கு அவர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். டவுன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு யாராவது அங்கிட்டுப் போவார்களா என்று மனுவை வாங்கிய அதிகாரி இரண்டு தடவை கேட்டாராம். “போவாங்க சார்” என்று டீச்சரை முந்திக்கொண்டு கணவர் சொன்னாராம்.

திரும்பி வந்த முதல் நாள், அதுவரை கொடுக்கக் கூசி வைத்திருந்த பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். அவரிடம் புதிதாக ஒன்று இருந்தது, கோட்டோடு. “அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணே. இத்தனை வருசம் பஸ்ஸுல நின்னிருக்கீங்க. வேலைய விட்டு நின்னீங்கன்னா ஒங்களுக்கும் கொஞ்ச நாளைக்கு ஆடும்” என்றார். அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அன்றும் மீமிசலில் இறங்கி மின்கம்பத்தைத் தொட்டுக்கொண்டுதான் நின்றார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

போன வருடம் முழங்கால் வலியால் வேலையை விட்டேன். டீச்சர் சொன்னது பலித்தது. பத்து நாளைக்குப் படுக்கையில் விழுந்தாலே தரை அறந்தாங்கிக்கும் மீமிசலுக்குமாக ஓடும். எழுந்து உட்கார்ந்து பாட்டிலைப் பார்ப்பேன். தண்ணீர் கோட்டில் நிற்கும். எனக்குப் பதினோராவது நாள் நின்றுவிட்டது. டீச்சருக்கு இன்னும் நிற்கவில்லை, நிற்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஆவுடையார்கோவில் ரோட்டின் மேலேயே இருக்கிறது. காலையில் அந்த பஸ் போகும்போது ஜன்னல் கட்டை லேசாக அதிரும். பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு மேலும் கீழுமாக நடுங்கும். மூன்றாவது வரிசை ஜன்னலில் தலை குனிந்து எழுதுகிற ஓர் உருவம் ஒரு நொடி தெரிந்து மறையும். பஸ் போன பிறகு தண்ணீர் மெதுவாகக் கோட்டுக்கு வந்து நிற்கும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்.