உத்திரமேரூர் கண்காட்சி: வலது ஓரத்தில் நான்கு விரல்கள்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று பத்து நாள் காத்திருந்தேன். தணிவதாகத் தெரியவில்லை. அப்படியே எழுதிவிடுகிறேன்.

பழைய தொழில்களின் புகைப்படங்களை எங்கே மாட்டியிருந்தாலும் போய்ப் பார்த்துவிடுவேன். காலமெல்லாம் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுப் பிழைத்தவனுக்கு வேறு என்ன பைத்தியம் இருக்கும்? உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் காலத்து மண்பாண்டத் தொழில் படங்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகிக்கு முந்தின சனிக்கிழமை கிளம்பினேன். தாம்பரத்தில் இருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு. அங்கிருந்து பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம் ஆகிறது. பஸ் ஸ்டாண்ட் எதிரில் இட்லி நன்றாக இருந்தது. அன்றைக்கு நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

அவசரப்பட்டுத் திட்டக்கூடாது. படங்கள் அருமை. ஏரிக்குள் இறங்கி மண் வெட்டுகிறார்கள். மாட்டு வண்டியில் வைக்கோல் திணித்துப் பானை அடுக்குகிறார்கள். சூளைப் புகைக்குள் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். கடைசிச் சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய ஒரு படம். சக்கரத்தின் முன் ஒரு மனிதர் குந்தியிருக்கிறார். கீழே ‘தனிமையில் ஒரு கலைஞன். பெயர் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது.

தனிமையாவது! படத்தின் வலது ஓரத்தில், கீழே, ஒரு மரப்பலகையைப் பிடித்த நான்கு விரல்கள் தெரிந்தன. பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார், வெட்டியிருக்கிறார்கள். பிரிண்ட் போடுகிறவன் கண்ணுக்கு இது தப்பாது. செல்போனில் அந்தப் படத்தை முழுதாக எடுத்துக்கொண்டேன்.

வாசலில் இருந்த காவலாளியிடம் படத்தில் இருப்பது எந்த ஊர் என்று கேட்டேன். “சாலவாக்கம் ரோட்ல, நாலு கிலோமீட்டர். அந்தத் தெருவுல இப்பவும் பானைதான் பண்றாங்க” என்றார். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

தெருவில் கால் வைக்க இடமில்லை. பொங்கல் பானைகள் ஒரு பக்கம், பிரியாணிக் கடைகளுக்குப் போகும் சட்டிகள் இன்னொரு பக்கம். சட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த தேவகி என்ற அம்மாவிடம் செல்போனைக் காட்டினேன். ஐம்பதை நெருங்குகிற வயது. சட்டென்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“எங்கப்பா சார் இது! எங்க வூட்டு போட்டோ!”

அவர் பிறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வந்து எடுத்து, தபாலில் அனுப்பிவைத்த படமாம். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். கண்காட்சிக்காரர்கள் ஆடி மாதம் வந்து, ஒரே வாரத்தில் தருகிறோம் என்று, படத்தில் இருப்பவர்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வாங்கிப்போயிருக்கிறார்கள்.

அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இடது பக்கமாகத் தள்ளினார். மறுபடியும் தள்ளினார். படம் அதற்கு மேல் நகரவில்லை.

“எங்கம்மா எங்க சார்? இங்க குந்திக்கினு பானை தட்டிக்கினு இருப்பாங்களே?”

ஓரத்தில் தெரிந்த விரல்களைக் காட்டினேன். அவருக்கு ஆறு வயதிலேயே அம்மா தவறிவிட்டாராம். “இந்த போட்டோவுல பாத்துதான் சார் எனக்கு அவங்க மூஞ்சியே தெரியும். போகிக்குப் பெரியவங்களுக்குப் படைக்கறப்ப இத்ததான் வைப்போம். கேட்டா, கண்காட்சி முடியட்டும்ன்றாங்க. போகி அதுக்கு முன்னாடி வருதே?”

டெம்போவை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். பத்து நிமிடத்தில் மண்டபம்.

பொறுப்பாளர் சென்னைக்காரர், முப்பது வயது இருக்கும். முதலில் தேவகிக்கு ஒரு சால்வை போர்த்தப் பார்த்தார். தேவகி அதை வாங்கவில்லை, படத்தைக் கேட்டார். கண்ணாடிப் பெட்டியில் இருந்து ஒரு சின்ன ஃப்ரேம் வந்தது. அதுதான் அசல். அதிலும் அதே ஆள், அதே நான்கு விரல்கள். நகலைத்தான் வெட்டியிருப்பார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

“ஓரத்துல பூஞ்சை பிடிச்சிருந்துச்சும்மா. ஃப்ரேம் அளவுக்கு வெட்டிட்டுத்தான் ஸ்கேன் பண்ணோம். ஒரே ஆள் இருந்தாத்தான் பாக்கறவங்க கண்ணு அங்க நிக்கும்” என்றார்.

“வெட்டின துண்டு?” என்று நான் கத்தினேன்.

“அது அப்பவே குப்பைல போயிருக்கும் சார்.”

வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. தேவகி என்னைப் போலக் கத்தவில்லை. பெரிய படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“சக்கரத்துலேந்து எறக்கற பானைக்கு அடியே இருக்காது, தெரியுமா உனக்கு? உள்ள கல்ல வச்சி, வெளிய பலகையால தட்டித் தட்டித்தான் அடிய மூடுவாங்க. எங்கப்பா எறக்கினது அத்தினியும் எங்கம்மா தட்டினது. அவங்க இல்லன்னா அது பானையே இல்ல. தனியா பண்ணாராம்ல தனியா!”

ஃப்ரேமை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார். “கண்காட்சி முடியறவரைக்கும்…” என்று பின்னாலேயே வந்த பொறுப்பாளரை நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் நின்றுவிட்டார்.

போகிறவர்களுக்கு: மாதக் கடைசி வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். செங்கல்பட்டு திரும்ப மாலையில் பஸ் நிறைய உண்டு. உங்கள் வீட்டுப் பழைய படத்தை யார் வந்து எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் கண் முன்னால் செல்போனில் எடுத்துக்கொண்டு போகட்டும். கடைசிச் சுவரில் எழுத்தை இன்னும் மாற்றவில்லை என்று கேள்வி. மண் பிசைந்த அந்த விரல்களுக்கு உரியவர் பெயர் முனியம்மாள். சக்கரத்தில் இருப்பவர் அவர் கணவர் ஏகாம்பரம். அங்கே நின்று இரண்டு பெயரையும் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

போகியன்று தேவகி போன் செய்தார். படையலுக்கு எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டதாம். அப்பாவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாராம்.

“அம்மாவுக்குப் பொட்டு வைக்க நெத்தி இல்லியே சார். விரல்லதான் வச்சிகீறேன்.”