கைலி கட்டிய ஐ.டி. மாப்பிள்ளை

பெரம்பலூரை டவுன் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். சிட்டி என்று சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து வரும்போது பாடாலூரைத் தாண்டியதும் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு பெரிய வளைவு நிற்கும். அதில் ஏதோ ஒரு 'டெக் சிட்டி' என்று தங்க எழுத்தில் எழுதியிருப்பார்கள். வளைவுக்குப் பின்னால் மனைக்கல் நட்டிருக்கும். கல்லுக்குப் பின்னால் ஆடு மேயும். அந்த சிட்டிக்குள் இதுவரை குடியேறியது அந்த ஆடுகள் மட்டும்தான்.

எங்கள் ஊரில் டெக்னாலஜி என்றால் இன்ஜினியரிங் காலேஜ் என்று அர்த்தம். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒன்று வந்துவிடும். வருடா வருடம் இன்ஜினியர்களைத் தயாரித்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏற்றி அனுப்புகிறோம். பக்கத்து அரியலூர்க்காரர்கள் சிமெண்ட் மூட்டையை ஏற்றி அனுப்புகிறார்கள். இரண்டு ஊருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். போன மூட்டை திரும்பி வந்தால் கெட்டுப்போய்விட்டது என்றுதானே நினைப்பார்கள்? நான் திரும்பி வந்தபோதும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. தப்பு கண்டுபிடிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். கொரோனாவில் ஆபீஸைப் பூட்டியவர்கள், வாடகை மிச்சம் என்று அதைத் திறக்கவே இல்லை. அவரவர் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். நான் பெரம்பலூர் வந்து, எங்கள் வீட்டு மாடியறையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். நிம்மதியாக இருந்தது. கைலி கட்டிக்கொண்டு வேலை பார்ப்பேன். காலை பதினொரு மணிக்கு இறங்கி வந்து, தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடிப்பேன். என் வாழ்க்கைக்கு உலை வைத்தது அந்த டீதான்.

அந்தச் சமயத்தில் அரியலூர் பக்கம் கீழப்பழுவூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெண் அரியலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு ஃபோனில் பேச ஆரம்பித்தோம். முதல் நாளே, "எங்க ஊர்ல காயப்போட்ட துணி கூட சிமெண்ட் கலருக்கு வந்துடும்ங்க, நீங்க வெள்ளைச் சட்டை போடுற ஆளுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து அப்பா என்ன என்று கேட்டார். ஊரைத் திட்டுவதில் எனக்குச் சரியான ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரே வாரத்தில், இவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்க மாட்டார்கள். அவன் கம்பெனியிலும் கேட்க மாட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, மாப்பிள்ளை தெருவிலுள்ள டீக்கடையில் உட்கார்ந்து, பையன் எப்படி என்று கேட்பார். டீக்கடைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. என் படிப்பு, சம்பளம், குணம் எல்லாவற்றையும் வடை சுட்டுக்கொண்டே ஒரு மனிதர் முடிவு செய்துவிடுவார்.

எங்கள் டீக்கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். அவள் மாமாவிடம், "பையன் தங்கமான பையங்க. பாவம், வேலைதான் போயிடுச்சு. பதினோரு மணிக்குக் கைலியோட வந்து டீ குடிச்சிட்டு இருப்பாப்ல" என்று சொல்லியிருக்கிறார். மாமா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"நீங்க சும்மா வூட்ல இருக்கீங்கன்னு ஊரே சொல்லுதாம். எங்க மாமா வேண்டாங்குறாரு."

"நான் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கம்பெனி லெட்டர் காட்டவா?"

"லெட்டரை யாரு பாப்பா? எனக்கு நம்பிக்கை இருக்குங்க. ஆனா எங்க மாமா டீக்கடைக்காரரைத்தான் நம்புவாரு. ஒரு மாசம் ஷூ போட்டுக்கிட்டு வெளியில போயிட்டு வாங்களேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வீடு இன்ஜினியர் இருக்கிற ஊர். டீக்கடைக்காரரின் அக்கா மகனே இன்ஜினியர். கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை என்பது இந்த ஜென்மங்களுக்கு ஏறவில்லை. வேலை என்றால் பஸ் பிடித்துப் போய்விட்டு, இருட்டியதும் களைத்துப்போய் வர வேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த புத்தி, காலேஜ் கட்டியதும் மாறிவிடுமா? இப்படியெல்லாம் அப்பாவிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பேசுறது எல்லாம் சரிதான்டா. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வச்சிருக்கேன், நாளைக்குக் கிளம்பு" என்றார்.

கிளம்பினேன். துறையூர் ரோட்டில் அப்பாவுக்குத் தெரிந்தவரின் விதைக்கடை இருக்கிறது. கடைக்கு மேலே இருந்த காலி அறையை வாடகைக்குப் பிடித்தேன். கீழே மக்காச்சோள விதையும் பூச்சிமருந்தும் அடுக்கியிருப்பார்கள். அந்த நெடி மேலே ஏறி, மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். வீட்டில் ஃபேனும் ஜன்னலும் இருக்க, நான் அங்கே போய் அதே லேப்டாப்பில் அதே வேலையைப் பார்த்தேன். காலையில் இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, தோளில் பை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அட்டை வேண்டும் என்பது அவள் யோசனை. அட்டை நன்றாகவே வேலை செய்தது. முதல் வாரமே தெருவில் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. இஸ்திரிக்காரர் எழுந்து நின்றார். டீக்கடைக்காரர், "வாங்க சார்" என்றார். அதுவரை நான் அவருக்குத் தம்பி.

மூன்றாவது வாரம் கம்பெனியில் ஒரு மீட்டிங்குக்கு அழைத்தார்கள். பூச்சிமருந்து நெடிக்கு நடுவே அதைக் கேட்டேன். எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். பேசிய பெண்மணி ரொம்ப அன்பாகப் பேசினார். லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பச் சொன்னார். அட்டையை யாரும் கேட்கவில்லை. அனுப்பப் போன இடத்தில் கூரியர்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "புது மாடல் தரப்போறாங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாளும் வழக்கம்போல் கிளம்பினேன். பையில் சாப்பாட்டு டப்பாவும் அன்றைய பேப்பரும் மட்டும் இருந்தன. அறையில் உட்கார்ந்து ஃபோனிலேயே வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். அடுத்த வாரத்தில்தான் அவள் மாமா இரண்டாவது முறை ரகசியமாக வந்து போயிருக்கிறார். டீக்கடைக்காரர் இந்த முறையும் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். "டெய்லி ஆபீஸ் போறாருங்க, கழுத்துல கார்டு கூட இருக்கு." அன்று இரவே சம்மதம் வந்துவிட்டது. நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். போச்சு, முடிந்தது என்று நினைத்தேன்.

"எப்போ?"

"போன வாரம்."

"எனக்கு எதுவா இருந்தாலும் பரவாயில்லைங்க. வேலை வரும் போகும். ஆனா மறைச்சுக் கட்டிக்க வேணாம். மாமாகிட்ட நேர்ல சொல்லிடுங்க. அவரு வேண்டாம்னா நான் பேசிக்கறேன்."

கல்யாணப் பத்திரிகை விஷயமாக மாமா பெரம்பலூர் வந்த அன்று, பேசலாம் என்று அழைத்தேன். அவர் நேராக அந்த டீக்கடைக்கே வந்துவிட்டார். இவர் எழுந்து போனால் அவள் எனக்கு இல்லை.

"மாமா, எனக்கு வேலை போயிடுச்சு. இப்போ எங்கயும் வேலையில இல்ல. வேற தேடிக்கிட்டு இருக்கேன்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டை, ஷூ, அட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயிலிருந்த டீ புரையேறும் அளவுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மாப்ள, என்னைச் சோதிக்கிறீங்களா? வேலை போனாலும் பொண்ணு குடுப்பாங்களான்னு பாக்குறீங்க, அதானே?"

"இல்ல மாமா, நிஜமாத்தான்."

டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "சார் எப்பவும் இப்படித்தாங்க, கிண்டல் புடிச்ச மனுஷன். இன்னிக்குக் காலையில கூட எட்டரைக்கு என் கண்ணு முன்னாடிதான் ஆபீஸ் போனாரு." மாமா அவருக்கும் ஒரு டீ சொன்னார். இருவரும் என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் அப்பாவிடம் சொன்னேன். கல்யாண பயத்தில் உளறாதே என்றார். விதைக்கடைக்காரரிடம் சொன்னேன். வாடகையைக் குறைக்கவா என்று கேட்டுச் சிரித்தார். வேலை இருந்தபோது இல்லை என்றார்கள். இல்லை என்றபோது இருக்கிறது என்கிறார்கள். இவர்களுக்கு வாயால் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கல்யாணம் பெரம்பலூரில் மண்டபம் பிடித்து நடந்தது. வந்தவர்களெல்லாம் கம்பெனியில் எத்தனை நாள் லீவு கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் மேடையேறி, தான் பார்த்து முடித்த சம்பந்தம் என்பதுபோல் நடுவில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நான் கைலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இனி எதற்கு இந்த வேஷம் என்று இருந்தது. அவள் இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் போட்டுக்கொண்டேன். ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து, முந்தானையால் துடைத்தாள். மாலைக்கு அடுத்து அவள் என் கழுத்தில் போட்டது அதைத்தான்.

"வேலை கிடைச்சுடும். போயிட்டு வாங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஊருக்கே சொன்னேன். நம்பியது அவள் ஒருத்திதான்.