ரெண்டு பேப்பரம்மாவும் பக்கவாட்டுக் கதவும்

"ரெண்டு பேப்பரம்மா வீட்டு மருமகளா நீ?" கல்யாணமாகி வந்த மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டுக்காரி கேட்டபோதுதான், மாமியாருக்கு இப்படி ஒரு பேர் இருப்பது மருமகளுக்குத் தெரிந்தது. தினம் இரண்டு பேப்பர் வாங்குகிற வீடுபோல என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே வந்து பார்த்தால் மாமியார் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். துணி இல்லை, கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது.

மிஷின் டிராயரில், ஊக்குகளுக்கு அடியில் இருந்தன அந்த இரண்டு பழைய பேப்பர்த் துண்டுகள். ஊர் சினிமாக் கொட்டகை பகல் ஆட்டத்தில் எரிந்துபோன செய்தி இரண்டிலும். பக்கவாட்டுக் கதவில் நின்று டிக்கெட் கிழித்தவர் மாமியாரின் அப்பா. கதவுக்குப் பூட்டே கிடையாது, உள்பக்கமாகத் திறக்கிற கதவு, நெரிசலில் திறக்க முடியவில்லை என்றது அன்றைக்கே வந்த மாலைப் பேப்பர். ஓசியில் ஆள் நுழையாமலிருக்க அவர்தான் பூட்டிவைத்தார், தீ என்றதும் சாவியோடு ஊரைவிட்டே ஓடினார் என்றது மறுநாள் காலைப் பேப்பர். சொன்னது கொட்டகை முதலாளி என்றும் போட்டிருந்தது.

மாமியாருக்கு நடை பழகுமுன்பே அந்த அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவோ அந்தப் பேச்சை எடுக்கவிட்டதில்லை. அதனால் மாமியார், அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூட இரண்டையும் நீட்டி, "எது நெசம்னு நெனக்கிறீங்க?" என்பார். சட்டை தைக்கக் கொடுத்தால் தீர்ப்பும் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று தெரு சிரித்தது.

கொட்டகை இருந்த இடத்தில் நினைவுக் கல் வைக்க ஒரு குழு கிளம்பியது. கல்லில் வரப்போகிற வாசகம்: "வாசல்காரர் கதவைப் பூட்டிவிட்டு ஓடியதால்." அதைக் கேட்டதிலிருந்து மாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாலைப் பேப்பர் துண்டைத் தூக்கிக்கொண்டு போனார். "துண்டு செல்லாதும்மா, முழுப் பேப்பர் வேணும்" என்றார் குழுத் தலைவர்.

நூலகத்தில் மருமகள்தான் பழைய பேப்பர்க் கட்டைப் புரட்டினாள். அந்த மாலைப் பேப்பரின் உள் பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று மாமியாருடைய சித்தியின் பெயர்! அம்மா கூடப் பிறந்த மூன்று பேரில் கடைக்குட்டி. போன வாரம்கூட மூட்டுவலியைத் திட்டிப் போனில் பேசியவள்.

நகலைப் பார்த்த தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உசுரோட இருக்கறவங்களையே சாகடிச்ச பேப்பர்மா இது. இத நம்பி நான் கல்லுல எழுதவா?"

அங்கிருந்து நேரே சித்தி வீட்டுக்குப் பஸ். மாமியார் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நான் செத்துட்டேனா? அதான் ஒரு பய மதிக்க மாட்டேங்கறான்" என்று சிரித்தாள் சித்தி.

"நீ அன்னைக்கு ஆட்டத்துக்கே போகலேன்னு சொன்னியே சித்தி?"

"அக்கா வாய மூடுன்னா, மூடிக்கிட்டேன். மச்சான்தான் ஓசியில உள்ள விட்டாரு. படம் ஒரே அழுகை. பாதியில முன்வாசல் வழியா எழுந்து சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டேன். உங்கப்பாவுக்கு அது தெரியுமா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கதறியிருக்காரு. பொழுது சாஞ்சு நான் போய் நின்னா, பேயைப் பாத்த மாதிரி பாத்தாரு."

திரும்பும்போது மருமகளுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "அத்தை, உங்க சித்தி செத்துட்டாங்கன்னு நெனச்சவர் தாத்தா ஒருத்தர்தான்; பேப்பர்காரன் ஆஸ்பத்திரி வாசல்ல அவர்கிட்டயே கேட்டு எழுதியிருக்கான்! இனி என்ன, மாலைப் பேப்பர்தான் நெசம்."

"அப்பா ஓடல. அது வரைக்கும் நெசம்." மாமியாரின் கால், மிஷின் இல்லாமலே ஆடியது. "ஆனா பூட்டு இல்லேன்னு அவன்கிட்ட யாரு சொல்லியிருப்பா? அதே அப்பாதானே? சித்தி செத்துட்டான்னு சொன்ன வாய்தானே?"

"அது தெரியாம சொன்னது, அத்தை."

"பூட்டைப் பத்தித் தெரியாம சொல்ல முடியாதேடி. ஒண்ணு நெசம், இல்லேன்னா தப்பிக்கச் சொன்ன பொய்."

இதைக் குழுவிடம் சொல்லவேண்டாமே என்று மருமகள் கெஞ்சிப் பார்த்தாள். மாமியார் மறுநாள் ஒன்று விடாமல் சொன்னார்.

"பூட்டு விஷயத்த நீங்களே கெளப்பிட்டீங்களேம்மா. சும்மா இருந்திருக்கலாமே" என்றார் தலைவர்.

"இருந்திருக்கலாம். கால் நிக்காதுங்க."

தலைவர் வாசகம் எழுதிய தாளை இழுத்தார். பிறகு பூட்டையும் அடித்தார், ஓட்டத்தையும் அடித்தார். "பக்கவாட்டுக் கதவு திறக்கவில்லை" என்று மட்டும் கல்லில் வந்தது.

அளவு கொடுக்க வருகிறவர்களிடம் மாமியார் இப்போது பாதிக் கேள்விதான் கேட்கிறார்: பூட்டு இருந்ததா, இல்லையா? அதே வீட்டில், முன்னறை ஜன்னலோரம், மிஷின் முன்னால்தான் இருக்கிறார்.