சாப்பிட்டபின் ஓட்டிப் பார்த்த ஃபிரேம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் 204ஆம் எண் பேருந்தில் ஏறினோம். ஆயர் ஈத்தாமுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். பினாங்குக்கு வருகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், கடல் பார்ப்பார்கள். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்தது, சைக்கிளுக்கு ஒரு கார்பன் ஃபிரேம் வாங்க. மனைவி செல்வி வந்தது, நான் மறுபடியும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக.

அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் பந்தயக்காரர்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். குனிந்து ஓட்டி ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். செல்வி அதில் துண்டு காயப்போடுகிறாள். சக்கரமும் கியரும் இன்னும் புதுசாகவே இருப்பதால் ஃபிரேமை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதுவும் சுவரேறினால் சைக்கிளுக்கே முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஏழு மணி. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கடையை எங்களுக்காகவே சீக்கிரம் திறந்து வைத்திருந்தார் அதன் முதலாளி பரீதா. என்னைவிட நாலைந்து வயது இளையவர். தினமும் அணைக்கட்டுவரை சைக்கிளில் ஏறி இறங்கிய பிறகுதான் கடையைத் திறப்பாராம். என் அளவுக்கு இரண்டு ஃபிரேம்கள் இருந்தன. இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதற்காக முழு சைக்கிளாகவே பூட்டி வைத்திருந்தார். ஒன்று சிவப்பு, 5,200 வெள்ளி. ஒரு வருடமாக என் கைபேசியின் முகப்பில் இருப்பது அதன் படம்தான். இன்னொன்று ஈர சிமெண்ட் நிறம், 4,600 வெள்ளி. எடை இருநூறு கிராம் கூடுதல், முன்பக்கம் இரண்டு விரற்கடை உயரம் என்பதால் அவ்வளவு குனிய வேண்டாம், அகலமான டயரும் போடலாம்.

என் ஊர்ப் பாதைகளைச் சொன்னேன்: சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள், நாற்கரச் சாலை, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை மண்பாதை. சொல்லிவிட்டு, சிவப்பைக் காட்டினேன். பரீதா வாதாடவில்லை. சாப்பிட்டுவிட்டு ஓட்டிப் பார்க்காத யாருக்கும் தன் கடையில் ஃபிரேம் விற்பதில்லை என்று மட்டும் சொன்னார். இந்தத் தீவில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் எங்கேயாவது போய்ச் சாப்பிடத்தான் ஓட்டுகிறார்களாம்.

"பசியில எந்த ஃபிரேமும் நல்லாத்தான் லா இருக்கும், அண்ணே," என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு.

ஏழரைக்குக் கிளம்பினோம். சிவப்பு எனக்கு, சிமெண்ட் நிறம் பரீதாவுக்கு. மலைச்சரிவில் இருக்கும் சீனக் கோயிலைத் தாண்டியதும் அணைக்கட்டு ஏற்றம், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். மிதித்த மிதி வீணாகாமல் அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனது சிவப்பு. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவும் மனம் வரவில்லை. உச்சியில் நீர்ப்பரப்பின் மேல் பனி கலைந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதையே கட்டிவிடுங்கள் என்றேன். முதலில் சாப்பாடு என்றார் பரீதா.

ஒன்பதரைக்கு நகரத்தில் நாசி கண்டார் கடை. செல்வி பேருந்தில் முன்னதாகவே வந்து வரிசையில் இடம் பிடித்திருந்தாள். சோறு, பொரித்த கோழி, வெண்டைக்காய், மீன் சினை, அதன் மேல் நாலு வகைக் குழம்பைக் கலந்து ஊற்றினார்கள். பதினெட்டு வெள்ளி. திண்டுக்கல் பிரியாணி தின்று வளர்ந்தவன் நான், லேசில் எதையும் புகழ மாட்டேன். இன்னும் அரைத் தட்டு வாங்கினேன்.

பத்தரைக்குத் திரும்பினோம். ஆயர் ஈத்தாம் சாலையில் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. குனிந்து ஓட்டியதில் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வயிற்றை இடித்தது. இரண்டாவது சிக்னலில் குழம்பு தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது. இடுப்பில் அந்தப் பழைய பிடிப்பு. பரீதா ஓரமாக நிறுத்தி, தன் வண்டியை என்னிடம் நீட்டினார்.

அதில் ஏறியதும் மூச்சு முழுதாக உள்ளே போனது. கொஞ்ச தூரத்தில் சாலையைத் தோண்டிச் சரளை கொட்டியிருந்தார்கள். அகல டயர் அதன்மேல் சமர்த்தாக உருண்டது. வெயில் ஏறியதையே நான் கவனிக்கவில்லை.

கடைக்கு வந்த பிறகும் சிவப்பை விட மனமில்லை. இருநூறு கிராம் அதிகமாயிற்றே என்று இழுத்தேன்.

"இப்ப சாப்பிட்டதே ஒரு கிலோ இருக்கும் லா," என்றார் பரீதா.

அதற்குள் செல்வி பேருந்திலிருந்து இறங்கி வந்துவிட்டாள். நெரிசலில் அந்தப் பேருந்து எங்களை முந்துவதும் பின்தங்குவதுமாக வந்திருக்கிறது.

"ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன். செவப்புல வரும்போது வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சி. இதுல பாடிக்கிட்டு வந்தீங்க," என்றாள்.

நான் பாடியது எனக்கே தெரியாது. பாட்டின் முதல் வரியைக்கூட அவள் சொல்லிக் காட்டினாள். அதற்கு மேல் என்ன யோசனை? சிமெண்ட் நிறத்தையே பெட்டியில் கட்டச் சொன்னேன்.

திங்கட்கிழமை விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஊரை விட்டுப் போகிற வருத்தம் இருந்தது. ஒரு தீவே ஒன்று கூடி எனக்குச் சோறு போட்டு அனுப்பியது போல இருந்தது. சிறுமலை ஏற்றமும் அடிவாரத்துப் பிரியாணியும் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அந்தப் பிரியாணியைத் தின்றுவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பலாம் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வீடு திரும்பினேன், வாய்க்கால் கரை வழியாக, பாடிக்கொண்டே.

செல்வியின் துண்டுக்கு மொட்டைமாடியில் கொடி கட்டியாயிற்று. கூடத்து ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.