பதினாறு கேடயங்களும் ஒரு செவிலியும்

அப்போலோனியா கெஸ்லரைப் பற்றி லெர்ஷன்பாக் தேவாலயப் பதிவேட்டில் இரண்டு குறிப்புகளே உள்ளன: 1705இல் ஞானஸ்நானம், 1741இல் மரணம். இடையில் நடந்ததை ஊரே அறியும். எழுத ஒருவரும் துணியவில்லை.

ஊர்ப் பிரபுவின் கோட்டையில் துணி வெளுக்க வந்தவள் அவள். பிரபுவின் மனைவிக்குக் குழந்தையில்லை. பிரபுவால் அப்போலோனியாவுக்குப் பிறந்த பெண் குழந்தை அன்றே சீமாட்டியின் தொட்டிலுக்கு மாற்றப்பட்டு, சிடோனியா என்று பெயர் பெற்றது. பெற்றவள் செவிலியானாள். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, தலைவாரிக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். அதன்பின் சிடோனியா அவளைத் தன் கூந்தலைத் தொட விட்டதில்லை.

வடநாட்டு அரசரின் தம்பி சிடோனியாவைப் பெண் கேட்டார். அந்த அரச குலத்தின் சட்டப்படி, மணமகளின் நான்காம் தலைமுறை முன்னோர் பதினாறு பேரும் பிரபுக்குலத்தவராக இருக்க வேண்டும். முன்னோர் ஒவ்வொருவரின் குலச்சின்னமாகப் பதினாறு கேடயங்கள் தீட்டிய பலகை கூடத்தில் ஏறியது. அவள் பிறப்பைப் பற்றிய வதந்தியும் வடக்கே போய்ச் சேர்ந்தது. விசாரிக்க குன்ஸ் என்ற அரண்மனை அதிகாரி வந்தார்.

"நாளைக்கு நீ வாயத் தொறந்தா தாய்வழிக் கேடயம் எட்டும் பொலபொலன்னு உதிர்ந்துடுமாமே!" என்றாள் சமையற்காரி உர்சல், அப்போலோனியாவிடம்.

"என் வாய்ல என்னடி இருக்கு? பல்லே பாதி போச்சு."

மறுநாள் காலை அப்போலோனியா வேதாகமத்தின் மேல் கைவைத்தாள்.

"இந்தப் பொண்ணு யார் வயித்துல பொறந்தது?" என்று கேட்டார் குன்ஸ்.

"சீமாட்டி வயித்துல, துரை. நான் பால் குடுத்தவ. அவ்வளவுதான்."

பலகையின் கீழ் நின்ற சிடோனியா மூச்சு விட்டாள். குன்ஸ் எழுதி முடித்து, இறகுப் பேனாவைத் துடைத்தார்.

"பால் குடுத்தன்னா உனக்கும் ஒண்ணு பொறந்திருக்கணுமே. அது எங்க?"

பிரபு அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விடைகளில் இதற்கு மட்டும் விடையில்லை.

"செத்துப்போச்சு, துரை."

"எங்க பொதைச்சீங்க?"

பாதிரியார் பதிவேட்டில் சிடோனியா பிறந்த 1722ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஞானஸ்நானம் இல்லை, அடக்கமும் இல்லை. மணமாகாதவள் மறைவாகப் பெற்ற குழந்தை காணாமற்போனால் அது கொலை, தண்டனை வாள்வெட்டு. அறையிலிருந்த அனைவரும் அச்சட்டத்தை அறிவர்.

"பாதிரியார் ஐயா, இன்னொரு தரம் பாருங்களேன்" என்றாள் அப்போலோனியா.

அவர் பார்க்கவில்லை. குன்ஸ் மணமகளிடம் திரும்பினார்.

"உங்க செவிலியாச்சே, அம்மணி. அந்தக் குழந்தையப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அப்போலோனியா சிடோனியாவின் தலையைப் பார்த்தாள். வகிடு கோணலாக இருந்தது.

"எனக்கெப்படித் தெரியும்? இந்த மாதிரிப் பொம்பளைங்க பெத்தத என்ன பண்ணுவாங்களோ!" என்றாள் சிடோனியா.

குன்ஸ் மீண்டும் இறகுப் பேனாவை மையில் தோய்த்தார்.

"ஆமா, துரை. ஆத்துல போட்டேன்" என்றாள் அப்போலோனியா.

தண்டனைக்குக் குறித்த நாள் அக்டோபர் இருபது. நிறைவேறியதோ ஆறாம் தேதி. தண்டனையை முன்னதாகவே நிறைவேற்றக் கோரிய கடிதம் கோட்டைப் பெட்டகத்தில் இருக்கிறது: திருமண வண்டிகள் ஆற்றுப் பாலத்தின் வழியே செல்லவிருப்பதால், அதற்குள் பாலத்தருகே உள்ள கொலைமேடையைப் பிரித்து, இரத்தத்தை உறிஞ்சப் போட்ட மரத்தூளைப் பெருக்கிவிட வேண்டும். கீழே சிடோனியாவின் கையெழுத்து.