சைமி கடைசியாக மாவு பிசைந்த தொட்டி

அந்தக் குளிர்காலம் முழுக்க லொவீசா ரொட்டி சுடவில்லை. ஏரிகள் நிறைந்த சாவோப் பக்கத்தில் ஒரு வீட்டில் ரொட்டி சுடவில்லை என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆட்கள் இருந்தார்கள். லொவீசா இருந்தாள், அவள் புருஷன் ஆப்பெலி இருந்தார். இல்லாமல் போனது மகள் சைமிதான். நவம்பரில், ஏரி உறைந்தும் உறையாமலும் கிடந்த ஒரு நாளில் அக்கரைக்கு நடந்து போனவள், காலடியில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டாள். வயது பத்தொன்பது. மறுநாள் காலையில் ஆப்பெலிதான் உடலைக் கொக்கி போட்டு இழுத்தார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மாவு பிசைந்தது சைமி. மாவுத்தொட்டி ஆப்பெலி வீட்டில் மூன்று தலைமுறையாகப் புழங்குவது. பலகை பலகையாக வட்டத்தில் நிறுத்தி, மர வளையம் போட்டு இறுக்கியது. அதைக் கழுவக் கூடாது. பிசைந்து எடுத்தபின் சுவரில் ஒட்டிய மாவு அப்படியே காய வேண்டும். அடுத்த ரொட்டி மாவைப் புளிக்க வைக்க அதுதான் உறை. தொட்டியைக் கழுவிவிட்ட மருமகளை அந்த ஊர் செத்தாலும் மன்னிக்காது. சவ அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, லொவீசா தொட்டியைத் திறந்து பார்த்தாள். காய்ந்த மாவில் சைமி வழித்தெடுத்த விரல் தடம் நான்கும் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன.

மாவுத்தொட்டிக்கு இடம் வெளியே இருக்கும் குளிர்ந்த சாமான் குடிசை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பனியில் போனவளின் விரலைப் பனியிலேயே விட்டுவைக்க லொவீசாவுக்கு மனம் வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்து பெரிய அடுப்பின் மேல்மேட்டில், வெதுவெதுப்பில் வைத்தாள். தாயாக யோசித்தாள், ரொட்டி சுடுகிறவளாக யோசிக்கவில்லை. யார் சொல்வது அவளிடம்? ஆப்பெலி பார்த்தார். பார்த்துவிட்டு விறகு வெட்டப் போய்விட்டார்.

ரொட்டி ஆப்பெலியின் தங்கை ஹில்டா வீட்டிலிருந்து வந்தது. ஹில்டா கொடுப்பாள், கொடுத்ததை ஊருக்கும் சொல்வாள். அண்ணன் தன் கை ரொட்டியில்தான் உயிர் பிழைக்கிறார் என்று கடைவாசலில் பேசினாளாம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஆப்பெலி அந்த ரொட்டியைப் பாதி தின்று மீதியை வைத்துவிடுவார். சொந்த ரொட்டி இல்லாத வீட்டுக்காரன் என்ற பேச்சு அவரைக் கொன்றுகொண்டிருந்தது. அதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் தொட்டி வெடித்தது. காய்ந்து காய்ந்து ஒரு பலகை மேலிருந்து அடிவரை பிளந்து, வளையங்கள் தளர்ந்து தொங்கின. லொவீசா அதைப் போர்வையில் சுற்றிப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து, மரத்தொட்டி செய்யும் வில்லேயிடம் தானே இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு பலகையை மட்டும் மாற்று, மற்றதில் கை வைக்காதே என்றாள்.

வில்லே தொட்டிக்குள் பார்த்தான். அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பலகை மாத்திடலாம். ஆனா உள்ள பூராவும் சுரண்டணும். அப்புறம் தண்ணியில நல்லா ஊறணும். மரம் உப்பினாத்தான் சந்து அடையும்."

"சுரண்டாம முடியாதா?"

"ஏன் முடியாது? அலமாரியில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். மாவு மட்டும் பிசைய முடியாது."

லொவீசா பட்டறையின் மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். சுரண்டினால் மகளின் கை போய்விடும். ஆனால் சுரண்டியது உறைதானே? அது பிழைத்துக்கொண்டால் வாராவாரம் ரொட்டியில் சைமியின் மாவு இருக்கும். தான் இருக்கும்வரை இருக்கும். அந்த ஒரு நினைப்புதான் அவளை எழுப்பியது. வில்லே சுரண்டுகத்தியை எடுத்தான். வேண்டாம், கொடு என்று கை நீட்டினாள். அழுதாலும் பிள்ளையை அவளேதான் பெற வேண்டும் என்பார்கள். விரல் தடம் நான்கையும் அவளே சுரண்டினாள். ஒரு பொடியும் சிந்தாமல் தகரக் குவளையில் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் அதைக் கரைத்து, ஒரு பிடி ரை தானிய மாவு போட்டுத் துணியால் மூடினாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் முகர்ந்து பார்த்தாள். புளிப்பு வாசம் வரவில்லை. ஈர மாவின் வாசம்தான் வந்தது. குமிழ் ஒன்றுகூட இல்லை. இன்னும் கொஞ்சம் மாவு போட்டாள், இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

ரொட்டியோடு வந்த ஹில்டா குவளையைப் பார்த்தாள். தொட்டி இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டாள். லொவீசா அடுப்புமேட்டைக் காட்டினாள். ஹில்டாவுக்கு அன்றைக்கு வம்பு பேச வாய் வரவில்லை.

"அந்தச் சூட்டுல உறை தாங்காது அண்ணி. செத்திருக்கும். எங்கிட்ட இருக்கு, கொண்டு வரட்டா?"

லொவீசா குவளையைத் துணியால் மூடினாள். தொட்டி சரியாகி வந்தது. புதுப் பலகை வெளுப்பாக இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. வில்லே நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. லொவீசா குவளையில் இருந்ததை அதில் ஊற்றி, மாவு போட்டு, கையை முழங்கை வரை விட்டுப் பிசைந்து, மேலே சிலுவைக் குறி இட்டு மூடினாள். மறுநாள் காலையில் திறந்தபோது குறி இட்டது இட்டபடியே இருந்தது. மாவு ஒரு நூல்கூட எழவில்லை. உறையைக் கொன்றது தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஏரி மகளை எடுத்தது. மிச்சத்தை அவள் குளிருக்குப் பயந்து வேக வைத்துவிட்டாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அந்த மாவையே உருட்டி அடுப்பில் தள்ளினாள். கொட்டிவிட அவளால் முடியவில்லை.

ரொட்டி கல்லாக வந்தது. ஆப்பெலி கத்தியை வைத்து அழுத்தி, எழுந்து நின்று அழுத்தி ஒரு துண்டு அறுத்தார். மோரில் ஊற வைத்து மென்றார். கடைவாயில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. துப்பவில்லை. இன்னொரு துண்டு அறுத்தார். பாதி ரொட்டி போகும்வரை லொவீசா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹில்டா ரொட்டியை இந்த மனுஷன் ஒரு நாளும் இப்படித் தின்றதில்லை.

"போதும், விடுங்க. அது வெறும் கல்லு. நாளைக்கு ஹில்டா வீட்டுல போய் உறை வாங்கிட்டு வாங்க. புதுசாச் சுடறேன்."

ஆப்பெலி மீதி ரொட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வாங்கலாம். மொதல்ல இவ தீரட்டும்."